ஸ்டேஷன் மாஸ்டரை விழுங்கியது தொடர்பாக

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவைக் கட்டிக்கொண்டவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு யாவரும் நலம். தாங்களும் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு யாவரும் நலம் என்பது கடிதத்தில் முதலில் வர வேண்டிய வரி என்பதால் எழுதினேன், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. 'தாங்கள்' என்பதையும் இத்தோடு விட்டுவிடுகிறேன் மச்சான், மூச்சு வாங்குகிறது.

விஷயம் உன் அக்காதான். அவளை ஒரு மாதம் உன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போ. ஏன் என்று கேட்காமல் போக மாட்டாய், ஆகவே சொல்கிறேன்.

குடிநீர் அலுவலகத்தில் காலமெல்லாம் குழாய் வரைபடம் போட்டு ஓய்வுபெற்ற நான், பின்னறையில் ஒரு பழைய கதவுப் பலகையின் மேல் ரயில் நிலையம் கட்டிக்கொண்டிருப்பது உனக்குத் தெரியும். நிஜத்தில் இருநூற்றிருபது அடி இருப்பது என் பலகையில் ஒரே அடி. ரயில் பெட்டி சுண்டு விரல் அகலம், ஆள் என்றால் ஓர் அரிசி மணி உயரம். ஒரு கையில் இடுக்கி, மறு கையில் பசை தொட்ட ஊசி. அடுத்து ஒட்ட வேண்டிய ஆளை எங்கே வைப்பது? மேஜையில் வைத்தால் தும்மினாலே காணாமல் போய்விடுவான். அதனால் உதட்டில் கவ்விக்கொள்வோம். எங்கள் சங்கத்தில் எல்லோருமே அப்படித்தான். சங்கம் என்றால் நானும், அடுத்த தெருவில் இருக்கும் தபால்காரரும். அவருக்குப் 'பசை' என்று பெயர், வந்தால் லேசில் எழுந்து போக மாட்டார்.

அன்றைக்கு உதட்டில் ஸ்டேஷன் மாஸ்டர் இருந்தார். உன் அக்கா அடுக்களையிலிருந்து, "கேஸ் தீர்ந்துபோச்சு, காதுல விழுதா?" என்றாள். "ம்" என்று சொல்லப் போனேன், இருமல் வந்தது. கொஞ்ச நாளாகவே அந்த இருமல் இருக்கிறது. இருமி முடித்துப் பார்த்தால் உதட்டில் ஆளைக் காணோம். தரையில் தவழ்ந்து தேடினேன். இல்லை. பசை வேறு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அவர் கைக்கொடிக்குக் கம்பி வச்சீங்களே, குத்திடப் போகுது" என்று பயமுறுத்தினார்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். சின்ன வயது டாக்டர். "என்ன முழுங்கினீங்க?" என்றார். "ஸ்டேஷன் மாஸ்டரை" என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு உன் அக்காவைப் பார்த்து, "எத்தனை நாளா இப்படிப் பேசுறார்?" என்று கேட்டார். அவளும் கொஞ்சம்கூட யோசிக்காமல், "ரிட்டயர் ஆனதிலேர்ந்து" என்றாள்.

எக்ஸ்ரேயில் ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை. வலது நுரையீரலில் வேறு ஏதோ இருந்தது. டாக்டரின் குரல் இறங்கிவிட்டது. நான் தொழில் பழக்கத்தில், "எத்தனை மில்லிமீட்டர்?" என்றேன். இருபத்திரண்டு. எங்கள் அளவில் அது பதினாறு அடி, என் சிக்னல் அறை உயரம். ஒரு சிக்னல் அறையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. பிறகு பெரிய டாக்டர், ஊசி போட்டுச் சதை எடுத்தது, நீ நினைக்கிற வியாதியேதான். சீக்கிரம் அறுத்து எடுக்க வேண்டுமாம்.

இதில் கூத்தைக் கேள். எக்ஸ்ரே எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால், முழங்கைப் பக்கம் பசையில் ஒட்டிக்கொண்டு கொடியும் கையுமாக நிற்கிறார் ஸ்டேஷன் மாஸ்டர்! நான் அவரை விழுங்கவே இல்லை. அப்படியானால் அந்த எக்ஸ்ரே தவறான தகவலின் பேரில் எடுத்தது. எங்கள் அலுவலகத்தில் தவறான தகவலில் போட்ட வரைபடம் செல்லாது, ரத்து முத்திரை குத்திவிடுவோம். இதை உன் அக்காவுக்கு எத்தனையோ முறை எடுத்துச் சொல்லிவிட்டேன். தலையில் அடித்துக்கொண்டு போய்விடுகிறாள். நானும் விடவில்லை. நடைமேடையில் ஒட்ட வேண்டிய பயணிகள் ஒரு டப்பா நிறைய இருக்கிறார்கள், கடைசி ஆளை ஒட்டின பிறகுதான் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டேன். அதன்பின் அவசரமே படாமல் வேலை செய்தேன். ஒரு நாளைக்கு ஒரு பயணி, சில நாள் அதுவும் இல்லை.

நேற்று மத்தியானம் கண்ணயர்ந்து எழுந்து பின்னறைக்குப் போனால், என் நாற்காலியில் உன் அக்கா. கண்ணில் என் பூதக்கண்ணாடி, கையில் என் இடுக்கி, உதட்டில் ஓர் ஆள்! "என்ன பண்ணிட்டிருக்கே?" என்று கத்தினேன். வாயிலிருந்த ஆளை நிதானமாக இடுக்கியால் எடுத்தாள். அவனை ஒட்டிவிட்டுத்தான் திரும்பினாள். "கடைசி ஆளை ஒட்டினாத்தானே வருவேன்னீங்க? ஒட்டிட்டிருக்கேன்."

என் நடைமேடையை நீ பார்க்க வேண்டும் மச்சான். ஒருவன் ரயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்க்கிறான். ஓர் அம்மாள் புத்தகக் கடைக் கூரை மேல் நிற்கிறாள். கைக்குழந்தையோடு இருப்பவன் கழிப்பறை வாசலில் படுத்துக் கிடக்கிறான். உன் அக்காவின் கண் சிவந்திருந்தது. கேட்டால், "பசை நெடி" என்றாள். அந்தப் பசைக்கு நெடியே கிடையாது.

ஆகவே நீ உடனே வந்து அவளை அழைத்துப் போ. ஒரு மாதம் போதும், எல்லோரையும் பிய்த்து எடுத்துச் சரியாக ஒட்டிவிடுவேன். ஆபரேஷனை அப்புறம் பார்க்கலாம்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய் நொடியில்லாமல் நன்றாகப் படித்து முன்னுக்கு வர என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் நான் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். உறை எடுக்கப் பின்னறைக்குப் போனேன். டப்பா காலி. உன் அக்கா பலகை மேல் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே வந்து டாக்டருக்கு நானே போன் செய்து சொல்லிவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை காலை ஆபரேஷன். நீ அவளை எங்கேயும் அழைத்துப் போகாதே, ஞாயிற்றுக்கிழமையே இங்கே வந்துவிடு. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு மயக்க மருந்து கொடுத்துவிடுவார்கள். வெளியே பெஞ்சில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறவள் அவள். பக்கத்தில் ஆள் வேண்டும்.