முழுக் குடும்பமும் விரும்பி உண்ட தொடுகறிகள்

நெருப்பைக் கண்டுபிடித்தவன் பெயர் நமக்குத் தெரியாது. சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் பெயரும் தெரியாது. ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கு எதைத் தொட்டுக்கொள்வது என்ற மகத்தான கேள்விக்கு விடை கண்டவர்களின் பெயர், பதவி, ஊதிய விகிதம் எல்லாம் மெக்னெஸ் நகரத்தில் பச்சை நிறக் கோப்பு ஒன்றில் பத்திரமாக இருக்கின்றன. 'ஆரோக்கியத் தொடுகறி இயக்ககம்' என்பது அந்த அலுவலகத்தின் பெயர். பதினான்கு அதிகாரிகள். ஒருவருக்கும் சமைக்கத் தெரியாது. அதனால்தான் அவர்களால் நடுநிலையோடு சிந்திக்க முடிந்தது.

பதினைந்தாவது ஆள் யம்னா. அவள் அதிகாரி இல்லை. கூட்டிப் பெருக்குவாள், தேநீரில் புதினா போடுவாள், கூட்டம் முடிந்ததும் மேசையில் சிந்தின பாதாம் பிஸ்கோத்துத் தூளைத் துடைப்பாள். பதினோரு வருடமாக இதைத் 'தற்காலிகமாக'ச் செய்துவருகிறாள். அதற்குள் நிரந்தர இயக்குநர்கள் ஆறு பேர் வந்து போய்விட்டார்கள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை. வேலை நிரந்தரமாக வேண்டும். நிரந்தரமானால் மருத்துவ அட்டை வரும். அட்டை வந்தால் அவள் புருஷன் லர்பியின் முதுகை ஒரு டாக்டரிடம் காட்டலாம். லர்பி மொத்தச் சந்தையில் மூட்டை தூக்குகிறவன். இப்போதெல்லாம் மூட்டையை இறக்கிய பிறகும் நிமிராமல் மூட்டை இருக்கிற மாதிரியே நடக்கிறான்.

ஏழாவது இயக்குநரான தைபி அவர்களுக்குத் தேநீர் வைக்கும்போதெல்லாம் யம்னா மெதுவாக ஆரம்பிப்பாள்.

"ஐயா, என் மனு..."

"யம்னா, நாடே ராத்திரிக்குத் தொட்டுக்க என்னன்னு தெரியாம தவிச்சுக்கிட்டிருக்கு. இப்பப் போய் உன் மனுவா?"

"இல்ல ஐயா, ஒரே ஒரு கையெழுத்துதான்..."

"கையேடு முடியட்டும். முடிஞ்ச அன்னிக்கே போடுறேன். நான் வாக்குக் குடுத்தா குடுத்ததுதான்."

அன்றிலிருந்து அந்தக் கையேடு யம்னாவின் கையேடும் ஆகிவிட்டது. 'முழுக் குடும்பமும் விரும்பி உண்ணும் ஆரோக்கிய இரவுத் தொடுகறிகள்' என்ற தலைப்பை மட்டும் முடிவு செய்ய ஏழு கூட்டங்கள் நடந்தன. 'முழு' என்ற சொல்லில் மாமியார் அடங்குவாரா என்று ஆராய ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. அடங்குவார், ஆனால் 'விரும்பி' என்பது அவருக்குப் பொருந்தாது என்று அந்தக் குழு தைரியமாக அறிக்கை கொடுத்தது.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது தலைநகர் ரபாத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அச்சுக்குப் போகுமுன் தொடுகறிகளை ஒரு வீட்டில் சோதிக்க வேண்டுமாம். ஏழு நாள் இரவுச் சாப்பாட்டில் இறைச்சி கூடாது. காய்கறியும் பருப்பும் மட்டும். வீட்டில் உள்ள எல்லோரும் விரும்பிச் சாப்பிட்டதற்குச் சான்று வேண்டும். கடைசி நாள் ஆய்வாளர் ஒருவர் நேரில் வருவார்.

தைபி தியாகி. தன் வீட்டையே முதலில் பலி கொடுத்தார்.

முதல் நாள் பீட்ரூட், இரண்டாம் நாள் சீரகம் போட்ட கேரட். மூன்றாம் நாள்தான் விபரீதம். தைபி வீட்டு குக்கர் மூன்று நாளாக விசில் அடிக்கவில்லை என்பதைப் பக்கத்து வீட்டு அம்மாள் கவனித்துவிட்டாள். ஜன்னல் வழியாகக் கறி வாசனையும் வரவில்லை. ஒரு அரசாங்க அதிகாரியின் வீட்டில் மூன்று நாள் குக்கர் கூவாவிட்டால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். பாவம், மனிதரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

அன்று மாலையே கொடிமுந்திரி போட்ட ஆட்டுக்கறி துணி மூடி வந்தது. எதிர்வீட்டிலிருந்து எலுமிச்சை ஊறுகாயும் ஆலிவும் போட்டு வேகவைத்த முழுக்கோழி வந்தது. மாடி வீட்டுக்காரர் ஒரு படி மேலே போய், தைபியின் கையைப் பிடித்துக்கொண்டு, "தைரியமா இருங்க. எல்லாருக்கும் ஒரு காலம் வரும்" என்று கண் கலங்கினார்.

வந்த தட்டை வெறுமனே திருப்பி அனுப்புவது மெக்னெஸில் யாரும் செய்யாத காரியம். தைபியின் மனைவி ரஜா மானஸ்தி. ஒவ்வொரு தட்டுக்கும் பதிலாக அதைவிடப் பெரிய தட்டில் அதைவிடக் கொழுத்த கறி சமைத்து அனுப்பினாள். அதற்குப் பதில் வந்தது. அதற்குப் பதிலும் போனது. அந்த இறைச்சியில்லா வாரத்தில் அந்தத் தெருவில் தின்ற இறைச்சி பெருநாளில்கூடத் தின்றதில்லை. தைபி இரண்டு கிலோ எடை கூடி அலுவலகம் வந்தார்.

"யம்னா, நம்ம கையேடு போச்சு" என்றார் சோர்ந்துபோய்.

'நம்ம' என்ற சொல்லைக் கேட்டதும் யம்னா மேசை துடைத்த துணியைக் கீழே வைத்தாள். கையேடு போனால் கையெழுத்தும் போச்சு.

"என்ன ஐயா, தொட்டுக்கிறதுதானே? அதுல என்ன கஷ்டம்?"

"உனக்கென்ன தெரியும்! இறைச்சி இல்லாம ஏழு நாள் ஓட்டணும். நேத்து ராத்திரி உங்க வீட்டுல என்ன?"

"கத்திரிக்காயைச் சுட்டு, தக்காளி, பூண்டு, சீரகம் போட்டு மசிச்சேன். ரொட்டி."

"முந்தாநாள்?"

"காய்ஞ்ச மொச்சை வேகவச்சுக் கடைஞ்சேன். மேல கொஞ்சம் எண்ணெய்."

"அதுக்கு முந்தின நாள்?"

"பருப்பு. அதுக்கு முந்தினநாள் ஓடையோரம் முளைக்கிற கீரை, அது சும்மாவே கிடைக்கும் ஐயா."

தைபி நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"இறைச்சி?"

யம்னா தலையைக் குனிந்துகொண்டாள். "வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் ரவைச் சோத்துல ஒரு எலும்பு போடுவேன் ஐயா. வாசனைக்கு."

"எலும்பு இறைச்சியில சேராது!" என்று தைபி கத்திவிட்டு, துணைக்குழுவைக் கூப்பிட்டு அதையும் தீர்மானமாக நிறைவேற்றினார். "பிள்ளைங்க விரும்பித் தின்னுதா?"

"சண்டை போட்டுத் தின்னுதுங்க."

"எவ்வளவு நாளா இப்படி?"

"கல்யாணம் ஆனதிலேருந்து."

இயக்ககம் பத்து வருடத்தில் எட்ட நினைத்த இலக்கை, அதன் தரையைத் துடைக்கிறவள் பதினைந்து வருடத்துக்கு முன்பே யாருடைய உதவியும் இல்லாமல் எட்டிவிட்டிருந்தாள். அதிகாரிகள் அவளை முதன்முறையாக உட்காரச் சொன்னார்கள். தேநீர் யார் ஊற்றுவது என்று தெரியாததால் அவளே எழுந்து ஊற்றினாள்.

ஆய்வாளர் யம்னாவின் வீட்டுக்கு வருவது என்று முடிவாயிற்று. யம்னாவுக்கு அங்கேதான் தலைவலி பிடித்தது.

"ரபாத்திலேருந்து ஒரு டாக்டரம்மா என் வீட்டுக்கு வராங்க. அவங்களுக்கு முன்னாடி கத்திரிக்காயை வைக்கவா? நாலு பேர் காறித் துப்ப மாட்டாங்களா ஐயா? பக்கத்து வீட்டு ஹபீபா ஒரு கோழி தரேன்னு சொல்லியிருக்கா. அப்புறமா மெதுவாத் திருப்பிக் குடுக்கலாம்."

"ஐயோ, கோழியா? வேண்டாம் யம்னா, கெடுத்துடாதே! ஒரு இறகு கண்ணுல பட்டாலும் என் கையேடு காலி, உன் மனுவும் காலி."

விருந்தாளி வரும்போது கடன் வாங்கியாவது கோழி அடிக்காத வீட்டில் யம்னா பிறக்கவில்லை. அவள் தாய் தன் ஒரே முட்டைக்கோழியை யாரோ ஒரு கணக்கெடுப்பாளனுக்காக அறுத்தவள். ஆனாலும் லர்பி சுவரைப் பிடித்து எழுந்திருப்பதை அன்று காலையும் பார்த்துவிட்டுத்தான் அவள் வேலைக்கு வந்திருந்தாள். ஹபீபாவிடம் போய், கோழி வேண்டாம் என்று சொன்னாள். ஹபீபா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னடி, அவ்வளவு கருமியாயிட்டியா?"

யம்னாவுக்கு அவமானமாக இருந்தது.

ஆய்வாளர் டாக்டர் கவ்தர் மாலைத் தொழுகை முடிந்ததும் வந்தார். கூடவே தைபி. வீடு ஒற்றை அறை. குட்டை மேசை நடுவில் ஒரே பெரிய தட்டு, சுற்றிலும் ஆறேழு கிண்ணங்கள். லர்பி பெருநாளுக்குப் போடும் அங்கியைப் போட்டுக்கொண்டு, முதுகு தெரியாதபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மூன்று பிள்ளைகளும் முகம் கழுவி, தலை வாரி, கிண்ணங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

பெரியவன் ரொட்டியைப் பிய்த்துக் கத்திரிக்காயை வழித்தான். டாக்டர் படிவத்தை எடுத்தார்.

"எப்படி இருக்கு தம்பி?"

"நல்லாருக்கு. இன்னும் இருக்கா?"

'இரண்டாம் முறை கேட்கிறான்: மிகச் சிறப்பு' என்று டாக்டர் எழுதினார். அடுத்தவன் காலிக் கிண்ணத்தை விரலால் துடைத்து நக்கினான். 'கழுவத் தண்ணீர் தேவைப்படவில்லை: சுற்றுச்சூழலுக்கும் உகந்தது' என்று எழுதினார்.

கடைக்குட்டி அவுவிஷ் மட்டும் சாப்பிடாமல் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அம்மாவின் காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி கேட்டாள்.

"அம்மா, இவங்க விருந்தாளிதானே? அப்போ கோழி எங்க?"

யம்னாவுக்கு முகம் தீயாய்ச் சுட்டது. லர்பி ரொட்டியைக் கீழே வைத்தான். தைபி பலமாகச் சிரித்து, "குழந்தைக்கு என்ன கற்பனை பாருங்க டாக்டர்!" என்றார். டாக்டரும் சிரித்தார். அவருக்கு யம்னாவின் சமையல் நிஜமாகவே பிடித்துவிட்டது. வழித்து வழித்துச் சாப்பிட்டார்.

"அற்புதம் யம்னா. நீங்க நாட்டுக்கே ஒரு முன்மாதிரிக் குடும்பம். படிவத்துல கடைசியா ஒரே ஒரு கேள்வி. வருமானம் கூடினா இந்தப் பழக்கத்துல ஏதாவது மாத்தம் செய்வீங்களா?"

பதினோரு வருடத்தில் அரசாங்கம் யம்னாவிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவளுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை.

"வேலை நிரந்தரமாச்சுன்னா முதல்ல இவரோட முதுகைக் காட்டணும் டாக்டரம்மா. அப்புறம் ஒரு அரைக் கிலோ ஆட்டுக்கறி வாங்கி, கொடிமுந்திரி போட்டு, பிள்ளைங்களை வயிறு நிறையச் சாப்பிட வைக்கணும். வாரம் ஒருதரமாவது."

டாக்டரின் பேனா நின்றது. தைபியைப் பார்த்தார். தைபி கூரையைப் பார்த்தார்.

கையேடு நாலு வண்ணத்தில் வெளிவந்தது. வெளியீட்டு விழாவுக்காக அலுவலகத்து முற்றத்தில் இரண்டு முழு ஆடுகளை நெருப்பில் வாட்டினார்கள். தொடுகறிகளும் கையேட்டில் உள்ளபடியே வரிசையாக வைக்கப்பட்டுப் புகைப்படம் எடுக்கப்பட்டன. பிறகு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. அதிகாரிகள் ஆட்டைத் தின்றார்கள். தின்றுவிட்டு ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் ஆளுக்கு மூன்று மாத்திரை போட்டுக்கொண்டார்கள்.

யம்னா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது தைபி அவளைக் கூப்பிட்டார். கையில் அவளுடைய மனு.

"சொன்ன வாக்கைக் காப்பாத்திட்டேன் யம்னா. கையெழுத்து போட்டுட்டேன், பாரு."

நிஜமாகவே கையெழுத்து இருந்தது, பெரிதாக, வாலோடு. யம்னாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"என்ன எழுதியிருக்கு ஐயா? படிங்களேன்."

தைபி தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடையில் படிப்பதுபோலப் படித்தார். "'மனுதாரரின் குடும்பம் நாட்டிலேயே ஆரோக்கியமான இரவு உணவு உண்ணும் குடும்பம் என்று இந்த இயக்ககம் கண்டறிந்துள்ளது. பணி நிரந்தரமானால் அக்குடும்பத்தில் இறைச்சி நுழையும் என்று மனுதாரரே வாக்குமூலம் அளித்துள்ளார். ஆகவே, அக்குடும்பத்தின் உடல்நலத்தை முன்னிட்டு, மனு அன்போடு நிராகரிக்கப்படுகிறது.' அன்போடுங்கிறது நானே சேர்த்தது."

டாக்டர் கவ்தர் எலும்பைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

யம்னா மனுவை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு முற்றமே கேட்கும்படிச் சொன்னாள்.

"ரொம்ப நன்றி ஐயா. எங்க வீட்டுல இவ்வளவு ஆரோக்கியம் இருக்குன்னு நீங்க சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். இதை நாங்க மட்டும் வச்சுக்கிட்டு என்ன பண்றது? ஒரு வருஷத்துக்கு இதை நீங்க எடுத்துக்குங்க, உங்க வியாதியை எங்களுக்குக் குடுங்க."

இந்த உருக்கமான உரையை இயக்ககம் அலட்சியப்படுத்தவில்லை. கையேட்டின் இரண்டாம் பதிப்பில், பின்னட்டையில், 'ஒரு பயனாளியின் நன்றி' என்ற தலைப்பில் யம்னாவின் படத்தோடு அச்சிட்டிருக்கிறார்கள். இடம் போதாததால் கடைசி வாக்கியத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள்.