பூஜ்யத்தைத் தொடாத சிப்பும் வாய்க்குள் மூன்று பொம்மையும்

சபோபான்,
ஜனவரி 9, வெள்ளி.

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட ஒப்துலியா அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகன் உலிசெஸ் எழுதுவது. உங்கள் முழங்கால், மாமாவின் இருமல், பின்கட்டுக் கோழிகள் அனைத்தும் சுகம்தானே என்று ஒரே வரியில் விசாரித்து முடித்துவிடுகிறேன். போனில் சொல்லலாமென்றால் நீங்கள் அதை மாவு டப்பாவுக்குள் போட்டு மூடிவிடுகிறீர்கள். இங்கு நான் நலம் என்று எழுதுவது வழக்கம். பொய் எழுத நேரமில்லை. வேலை போகப் போகிறது. எனக்கு மட்டுமில்லை, எங்கள் அலுவலகத்தில் எட்டுப் பேருக்கும். காரணம் நான்.

ஊரில் எல்லோரிடமும் நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்வதாகச் சொல்லி வைத்திருக்கிறீர்கள். அதில்லை அத்தை. நாங்கள் சிப் வடிவமைக்கிறோம். யார் யாருக்குப் போன் பண்ணினார்கள் என்று ஒரு கட்டம் போடுங்கள், குறுக்கே பத்து லட்சம் பெயர், நெடுக்கே பத்து லட்சம் பெயர். ஒரு மனுஷன் எத்தனை பேருக்குப் பேசுவான்? இருநூறு. மீதிக் கட்டமெல்லாம் பூஜ்யம். கணக்கில் இதை அணி என்பார்கள். இந்த மாதிரி அணிகளைப் பெருக்கச் சொன்னால் சாதா சிப் அத்தனை பூஜ்யத்தையும் உட்கார்ந்து பெருக்கும், பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தான் என்று உங்கள் கோழிக்குக்கூடத் தெரியும், அதற்குத் தெரியாது. எங்கள் சிப் பூஜ்யத்தைத் தொடவே தொடாது. பூஜ்யமில்லாத எண்களை மட்டும், அவை எந்தக் கட்டத்தில் இருந்தன என்ற விலாசத்தோடு எடுத்துவைத்துப் பெருக்கும். பெருக்குவதற்கு உள்ளே பதினாறு அலகுகள். யாருக்கு எந்த வரிசை என்று பங்கு பிரித்துக் கொடுக்கும் பகுதி அடியேன் செய்தது. ஆளுக்குச் சமமான வரிசை, ஒன்று கூடுதலில்லை, ஒன்று குறைவில்லை. நாங்களே செய்த சோதனைக் கணக்கில் எண்கள் உப்புத் தூவினமாதிரி பரவலாக இருந்தன, சிப் பறந்தது, நானும் கொஞ்சம் பறந்தேன்.

டிசம்பரில் வாடிக்கையாளரின் நிஜக் கணக்கு வந்தது. அதில் ஒரு வரிசை கேஸ் சிலிண்டர் கம்பெனியின் நம்பர். ஊரில் பாதிப் பேர் அவனோடு பேசியிருக்கிறார்கள். அந்த ஒரு வரிசை மூன்றாவது அலகின் தலையில் விழுந்தது, அது மூச்சு முட்டப் பெருக்கிக்கொண்டே இருக்கிறது, மற்ற பதினைந்தும் வேலையை முடித்துவிட்டு நகராட்சிக்காரர்கள் குழியைச் சுற்றி நிற்பார்களே அப்படி நிற்கின்றன. கடைசியில் நாங்கள் சாதா சிப்பைவிட மெதுவு. தலைமை அலுவலகத்து அம்மாள், அவர் பெயரைக்கூட எழுதப் பயமாக இருக்கிறது, ஆறாம் தேதி வீடியோவில் பேசுகிறேன் என்றார்.

ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள். எங்கள் தலைவர் காஸ்தெயானோஸ், உள்ளே விரல் நுனியளவு பொம்மைகளை ஒளித்துச் சுடுவார்களே, அந்த வளைய ரொட்டி வாங்கி வந்தார். "இன்ஜினியர், சமமாப் பிரிக்கிறதுல நீங்கதானே புலி, வெட்டுங்க பாப்போம்" என்றார். பக்கத்து மேஜை மாகாலி, போன மாதம்தான் நல்ல வேலையை விட்டுவிட்டு எங்களிடம் வந்தவள், "ஸ்கேல் வச்சு வெட்டுறான் சார் இவன்!" என்று கத்தினாள். ஆமாம், ஸ்கேல் வைத்துத்தான் வெட்டினேன். எட்டும் ஒரே அளவு. ஆனால் அந்தப் பேக்கரிக்காரன் பொம்மைகளை எல்லாம் ஒரே பக்கத்தில் திணித்திருக்கிறான்! மூன்றும் என் துண்டில். பொம்மை யாருக்கு வருகிறதோ அவன் பிப்ரவரி இரண்டாம் தேதி எல்லோருக்கும் சோளமாவுத் தமாலே அவித்துப் போட வேண்டும் என்று எனக்கு ஆறு வயதிலேயே சட்டம் போட்டவர் நீங்கள். எனக்குத் தண்ணீர் சுடவைக்கவே தெரியாது. ஒருத்தரும் பார்க்கவில்லை. இரண்டை இடது கன்னத்தில், ஒன்றை வலது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டேன்.

அப்போதுதான் அத்தை, எனக்குப் பொறி தட்டியது. அளவு சமமாக இருந்து என்ன பயன், உள்ளே இருப்பது சமமில்லையே! பெரிய வரிசையைத் துண்டு துண்டாக நறுக்கி, எந்த அலகு சும்மா இருக்கிறதோ அது அடுத்த துண்டை எடுத்துக்கொள்ளட்டும். அவ்வளவுதான். நான் எழுந்தேன். அதே நொடி திரையில் அந்த அம்மாள். "மூன்று வாரத்தில் சரி செய்ய முடியுமா? முடியும், முடியாது, ஒரு வார்த்தை." எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். வாயைத் திறந்தால் பொம்மை விழும்.

"சொல்லுய்யா!" என்று காஸ்தெயானோஸ் பல்லைக் கடிக்கிறார்.

"ம்ம்ம்" என்றேன்.

"ரொட்டி தொண்டைல அடைச்சிருச்சு போல" என்றாள் மாகாலி. திரை அணைந்துவிட்டது. நான் மூன்றையும் மேஜையில் துப்பினேன். காஸ்தெயானோஸ் அவற்றை விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார். மாகாலி மட்டும், "அடப்பாவி, மூணா? தமாலேக்குப் பயந்து எங்க சோத்துல மண்ணைப் போட்டுட்டியேடா" என்றாள். வழி கிடைத்துவிட்டது என்று மறுநாள் நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. முடிவு வெள்ளிக்கிழமை என்று மட்டும் காஸ்தெயானோஸுக்கு ஒரு வரி வந்தது. இன்றுதான் வெள்ளி. யாரும் என்னோடு பேசுவதில்லை, காபி இயந்திரம்கூட என் முறை வரும்போது நின்றுவிடுகிறது. மாடி அறையில் சோள மூட்டை இருந்தால் நகர்த்தி வையுங்கள், நான் ஊருக்கே வந்துவிடுகிறேன். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். சபோபான் மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றுங்கள், பெரியதாக. உங்கள் கையை முத்தமிட்டு ஆசி கேட்கும்,

உலிசெஸ் பர்ரகான்

பி.கு.: உறையை ஒட்டும்போது தகவல் வந்தது. மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். அந்த அம்மாள் இதே கேள்வியை வேறு இரண்டு ஊர் அலுவலகங்களிலும் கேட்டிருக்கிறார். அவர்கள் யோசிக்காமல் முடியும் என்றார்களாம். வாக்குக் கொடுக்காமல் ஒரு நாள் கழித்தாவது வழியோடு வந்தவன் இவன் ஒருவன்தான் என்று அந்த இரண்டு அலுவலகத்திடமிருந்தும் வேலையைப் பிடுங்கி எங்களிடமே கொடுத்துவிட்டார். எட்டுப் பேருக்கும் வேலை நிலைத்தது. காஸ்தெயானோஸ் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு மூன்று அலுவலகத்துக் கோப்புகளையும் என் மேஜையில் வைத்து, "உங்களுக்குத்தான் இன்ஜினியர் எல்லாம் புரியும்" என்று சொல்லிவிட்டு, மற்ற ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு பீர் குடிக்கப் போயிருக்கிறார்.