இர் என்றால் போ

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. உடம்புக்கு ஒன்றுமில்லை, அதுவரைக்கும் சரி. நீயும் நலமாக இருக்க வேண்டும்; சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வந்து உன் மாமியாரை அழைத்துப் போகும் அளவுக்காவது நலமாக இருக்க வேண்டும்.

நீ அனுப்பிய ஸ்பானிஷ் வினைச்சொல் புத்தகத்தை இதே உறையில் திருப்பி அனுப்புகிறேன். "நிகழ்காலம் மட்டும் படிச்சுக்கோக்கா, பத்து நாளை ஓட்டிடலாம்" என்றாய். வருவது, போவது, இருப்பது, சொல்வது, கொடுப்பது, தூங்குவது என்று வீட்டில் புழங்கும் வினை எதுவும் அந்த மொழியில் விதிப்படி நடக்காது என்பதை நீ சொல்லவில்லை.

ஆனாலும் உன் மாமியாரைப் பத்து நாள் இங்கே வைத்துக்கொள்ள ஏன் ஒப்புக்கொண்டேன் தெரியுமா? உன் கல்யாணத்தன்று அந்த அம்மாளிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மொழி தெரியாது என்று எல்லோரிடமும் சொன்னேன். சிரிப்பதற்கு மொழி வேண்டாமே. உன்மேல் இருந்த கோபத்தை அவர்மேல் காட்டினேன். மூன்று வருடமாக அது உறுத்துகிறது. அதனால் முதல் நாளே மன்னிப்புக் கேட்டுவிட நினைத்து, "வருந்துகிறேன்" என்பதை மனப்பாடம் செய்தேன். செந்தீர் என்ற சொல் "நான்" வந்ததும் சியெந்தோ ஆகிவிடுகிறது. உட்காருவதற்கான செந்தார் என்ற சொல்லும் "நான்" வந்தால் அதே சியெந்தோதான். முன்னால் ஒட்டும் துக்கடாவில்தான் வித்தியாசம். "லோ" சொல்வதற்கு "மே" சொல்லிவிட்டேன். ஒருத்தி கண்ணில் நீரோடு நின்று "நான் உட்காருகிறேன்" என்றால் அவர்தான் என்ன செய்வார்? நாற்காலியை இழுத்துப் போட்டார். மறுபடி சொன்னேன். குஷன் வந்தது.

மறுநாள் நூலகத்துக்குக் கிளம்பும்போது, நம் வழக்கப்படி "வரேன்" என்பதை அப்படியே "பெங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனேன். அவர்கள் வரேன் என்றால் நிஜமாகவே வருவார்களாம். ஆறு மணிக்குத் திரும்பினால், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செருப்பு அலமாரி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். மதியச் சாப்பாடு மூடியது மூடியபடி.

ஞாயிற்றுக்கிழமை அதற்கு நேர்மாறு. சாப்பிடக் கூப்பிட்டேன். அறைக்குள்ளிருந்து "போய்" என்று பதில். புத்தகத்தில் பார்த்தால் "நான் போகிறேன்" என்று இருக்கிறது. நாம் "இதோ வரேன்" என்னும் இடத்தில் அவர்கள் அதைத்தான் சொல்வார்களாம். அது புத்தகத்தில் இல்லை. உன் அத்தானிடம் ஓடினேன்.

"அவங்க போறாங்களாம்."

"என்ன சொல்லித் தொலைச்ச?"

"சாப்பிடத்தாங்க கூப்பிட்டேன்."

"தமிழ்லயா, உன் ஸ்பானிஷ்லயா?"

"ஸ்பானிஷ்ல."

"அப்ப போகத்தான் செய்வாங்க."

அந்த அம்மாள் வந்து சாப்பிட்டார். சரி, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பப் போகிறார் என்று நினைத்துக்கொண்டோம். அந்த நேரத்தில் உன் அத்தான் அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒளித்தார். பிறகு அந்த அம்மாள் பெட்டியைத் தேடி வீடெல்லாம் அலைய, இவர் வாசலை மறித்து, கையைக் கூப்பிக்கொண்டு, "இருங்கம்மா, இருங்க, இருங்க" என்கிறார். போவதற்கு அவர்கள் மொழியில் மூலச்சொல் என்ன தெரியுமா? இர். பெட்டியைத் தொலைத்துவிட்டு நிக்கிற மனுஷிகிட்ட வீட்டுக்காரர் கும்பிட்டு "போ, போ"ங்கிறார். அந்த அம்மாளுக்கு முகம் சுண்டிப்போச்சு. பத்தே நிமிஷத்தில் உன் மனைவி போன்.

"அக்கா, அம்மாவை வெளிய போகச் சொன்னீங்களா? பெட்டியைக் குடுத்தா போயிடறேன்னு அழறாங்க."

அவள் இரண்டு பக்கமும் எடுத்துச் சொன்னபிறகுதான் பெட்டி வெளியே வந்தது. ஆனால் இரண்டு நாளாக அவர் அறையை விட்டு அதிகம் வருவதில்லை. கேட்க வேண்டிய மன்னிப்பு இப்போது இரண்டாகிவிட்டது. ஒன்றைக்கூட ஒழுங்காகக் கேட்க எனக்கு வக்கில்லை. இனி ஒரு வினைச்சொல்லும் என் வாயில் நுழையாது. சனிக்கிழமை வா. வா என்றால் வா.

எந்த மொழியிலும் சண்டையில்லாமல் நீங்கள் இருவரும் நீடூழி வாழ வாழ்த்தும்,
அக்கா

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். உன் மாமியார் இப்போதுதான் ரொட்டி வாங்கக் கடைக்குக் கிளம்பினார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, தமிழில், "வரேன்" என்றார். நான் "லோ சியெந்தோ" என்றேன். லோதான், சரியாகச் சொன்னேன். சொல்லிவிட்டு ஒரு நாற்காலியை வாசலில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் சிரித்துவிட்டார். சனிக்கிழமை நீ வர வேண்டாம். புத்தகத்தையும் வெளியே எடுத்துவிட்டேன். இறந்தகாலத்துக்குத் தனிப் புத்தகம் இருக்கிறதாமே, அதை அனுப்பு. அந்தக் கல்யாணத்தைப் பற்றி அவரிடம் பேச அதுதான் வேண்டும்.