லொங்காங் மூடியும் என் எலக்ட்ரான்களும்

தப்பு செய்தேன், ஒப்புக்கொள்கிறேன். வெட்கப்பட மட்டும் மாட்டேன்.

அப்போது மலேசியாவின் ஜொகூரில் முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டு. வரிவரியாகப் பள்ளம் வெட்டிய உலோகத் தகட்டை உரசினாற்போல் எலக்ட்ரான்களைப் பாயவிட்டால் டெராஹெர்ட்ஸ் அலை கிளம்பும்; அதுதான் என் ஆய்வு. நிஜத் தகட்டுக்கு வசதியில்லை, எல்லாம் கணினிக்குள்தான். இரண்டாமாண்டுத் தேர்வில் தேறாவிட்டால் உதவித்தொகை போய்விடும், விட்டு வந்த தொழிற்சாலை வேலைக்கே திரும்ப வேண்டும்.

கணினிக்குத் தகட்டின் படம் வேண்டும்; எனக்குப் படம் போட வராது (நேர்கோடே கோணலாகத்தான் வரும்). அப்பா செனாய் ஊர்ப் பட்டறை ஒன்றில் லொங்காங் மூடிக்கு, அதாவது வாசல் சாக்கடைமேல் போடும் கம்பிச் சட்டத்துக்கு, கணினியில் படம் போடுபவர்.

"அப்பா, ஒரு பள்ளத்துக்கும் அடுத்ததுக்கும் நூறு."

"நூறுதானே? பத்து நிமிசம் லா."

நான் நினைத்தது நூறு மைக்ரோமீட்டர். வந்த படத்தை அப்படியே ஏற்றி, ஒன்றரை மாதம் கணினியை ஓட்டி, வரைபடத்தின் அடியில் 'டெராஹெர்ட்ஸ்' என்று நானே தட்டிவிட்டேன். கணினி தந்த எண்ணைப் பார்க்க யாருக்கு நேரம்?

தேர்வாளரான மலாய்க்காரப் பேராசிரியை பார்த்தார். தகட்டின் அளவைத் திறந்து காட்டச் சொன்னார். திரையில் நூறு மில்லிமீட்டர்.

"அலமாக்! லொங்காங்?" என்று மலாயில் வியந்தார். அறையே சிரித்தது. எனக்குக் காது வரை சுட்டது.

அழுதிருக்கலாம். கோபம்தான் வந்தது. "லொங்காங்தான் மேடம்! எல்லா அளவும் ஆயிரம் மடங்கு கூடினா, அலைவெண் ஆயிரத்துல ஒரு பங்காகணும். ஆகியிருக்கா இல்லையா, பாருங்க! என் ப்ரோக்ராம்ல தப்பே இல்ல!" என்று இங்கிலீஷில் கத்தினேன்.

அவர் கால்குலேட்டரைத் தட்டினார். மறுபடியும் தட்டினார். சிரிப்பு நின்றது. அளவைத் திருத்தி ஓட்டிவர மூன்று மாதம் கொடுத்தார். தேறினேன்.

தேர்வன்று வீட்டுக்கு வந்ததும் அப்பாமேல் பாய்ந்தேன். அவர் அசரவில்லை.

"பட்டறையில நூறுன்னா மில்லிமீட்டர்தான். நூறு என்னன்னு நீ சொன்னியா? என் கோடு சரி. உன் கணக்கும் சரின்னுட்டாங்க. அப்புறம் எதுக்கும்மா சண்டை?"

இன்று நான் டாக்டர். மழையில் வாசல் லொங்காங் அடைத்துக்கொண்டால் அம்மா தெருவே கேட்கக் கூப்பிடுவார்: "டாக்டரம்மா! உங்க எலக்ட்ரான் அடைச்சிருச்சு, வந்து எடுத்து விடுங்க!"

குச்சியை எடுத்துக்கொண்டு போகிறேன். மூடியைத் தூக்கும்போது நானும் தெருவே கேட்கச் சொல்லிவிடுகிறேன்: "கணக்கு சரிதான்!"