கடைசியாக வருபவர்

"நீங்க முன்னாடி போங்க மேடம்."

"பரவாயில்லை சார். முதல்ல நீங்க போங்க."

பாதையின் குறுக்கே இருந்த வேலியின் மரக்கதவை ஒரு பக்கம் தையற்காரர் பிடித்திருந்தார். மறுபக்கம் நீல மழைச்சட்டை அணிந்த பெண்மணி பிடித்திருந்தார். சுற்றிலும் பனிமூட்டம். பத்தடிக்கு அப்பால் பாதையும் இல்லை, உலகமும் இல்லை.

தையற்காரர் விட்டுக்கொடுப்பதாக இல்லை. நானூறு மைல் நீளும் அந்த நடைபாதையில், குழுவாக இன்று நடக்க வேண்டியது பன்னிரண்டு மைல். முன்னால் வழிநடத்திப் போனது அவர் மனைவி. இவர் கடைசி ஆள். தனக்குப் பின்னால் யாரும் தங்கிவிடாமல் பார்ப்பதும், வழியிலுள்ள கதவுகளைச் சாத்துவதும்தான் வேலை. அதையும் போன மாதம் கோட்டை விட்டார். மேகத்தில் ஓர் அற்புதமான சட்டைக் காலரின் வடிவத்தைக் கண்டு, அதையே பார்த்துக்கொண்டு நடந்தவர், மரத்தடியில் கண்ணயர்ந்த மருந்துக்கடைக்காரரை அம்போவென்று விட்டுவிட்டு வந்துவிட்டார்.

"இன்னைக்கும் ஒரு ஆளைத் தொலைச்சீங்கன்னா, அடுத்த மாசத்துல இருந்து நீங்க வீட்லயே இருங்க" என்று காலையில் எல்லார் முன்னாலும் மனைவி சொல்லிவிட்டாள். சுருக்கென்றது. மாதத்தில் இந்த ஒரு நாளுக்காகத்தானே மனிதர் மற்ற நாளெல்லாம் மெஷின் மிதிக்கிறார்!

குழுவில் இன்று மூன்று புதுமுகங்கள். தலையை மூடிய மழைச்சட்டைகளில் யார் யாரென்றே தெரியவில்லை. இந்த அம்மாவும் அதில் ஒருவர் என்பது மட்டும் அவருக்கு நிச்சயம்.

"சரி, ரெண்டு பேரும் சேர்ந்தே போயிடலாம்" என்றார் பெண்மணி.

சேர்ந்தே நுழைந்தார்கள். பெண்மணியின் மழைச்சட்டைப் பை தாழ்ப்பாளில் மாட்டி டர்ரென்று கிழிந்தது. தையற்காரரின் கை சும்மா இருக்குமா? தன் சட்டைக் காலருக்குள் எப்போதும் குத்தி வைத்திருக்கும் நூல் கோத்த ஊசியை எடுத்து, நின்ற இடத்திலேயே தைக்க உட்கார்ந்துவிட்டார். நூலை அறுத்து நிமிர்ந்தபோது முன்னால் போனவர்களின் பேச்சொலி அடங்கியிருந்தது.

இனி வேகமாகப் போக வேண்டும். ஆனால் இவர் மெதுவாக நடந்தால் பெண்மணி இவரைவிட மெதுவாக நடந்தார். இவர் குனிந்து ஷூ கயிறு கட்டினால் அவர் நின்று பூ பார்த்தார். நான்கு முறை அவிழ்த்துக் கட்டியாயிற்று, பூவும் தீர்ந்தபாடில்லை.

"மூச்சு வாங்குதா சார்? வெட்கப்படாதீங்க. நான் இருக்கேன்ல" என்று பிஸ்கட் நீட்டினார்.

'தன்னால முடியலைங்கிறதை எப்படி என் தலையில கட்டுறாங்க பாரு!' தையற்காரருக்குப் பாவமாக இருந்தது. ஒரு பாறையில் உட்கார்ந்து பிஸ்கட்டைக் கடித்தார். அருகில் பெண்மணியும் உட்கார்ந்தார். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பறவை வெண்மைக்குள்ளிருந்து கூவியது. பனி மெல்ல அசைந்தது, துவைத்த மல் துணியைப் போல. போக வேண்டிய இடமே இல்லாதது போல மனம் லேசாகிவிட்டது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்களோ!

தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டு எழுந்தார். ஒரு யோசனை தோன்றியது. பாதையை விட்டு விலகி மரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டால், அந்த அம்மா வேறு வழியில்லாமல் முன்னால் போய்த்தானே ஆக வேண்டும்?

போகவில்லை. "சார்! ஐயோ, எங்க போனீங்க சார்?" என்று கலங்கிய குரலில் புதர் புதராகத் தேடினார். தையற்காரர் மனம் கேட்காமல் வெளியே வந்தார். அதற்குள் இருவரும் பாதையையே தொலைத்திருந்தார்கள்.

மேடு ஒன்றில் தட்டுத்தடுமாறி ஏறியதும் டவர் கிடைத்து, செல்போன் அடித்தது. மனைவி.

"எங்கங்க இருக்கீங்க?"

"ஒருத்தங்க ரொம்பப் பின்தங்கிட்டாங்க. விடாமக் கூட்டிட்டு வர்றேன். இந்தத் தடவை நான் யாரையும் தொலைக்கலை, தெரியுமா!" குரல் பெருமையில் தழுதழுத்தது.

"யாரைக் கூட்டிட்டு வர்றீங்க? எல்லாரும் இங்க சாப்பிட்டே முடிச்சாச்சு. உங்க ஒருத்தரைத்தான் காணோம்!"

தையற்காரர் மெல்லத் திரும்பினார்.

"மேடம்... நீங்க யாரு?"

பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு முன்னால கிளம்பின இன்னொரு குழுவோட கடைசி ஆள் சார். எனக்குப் பின்னாடி ஒருத்தரையும் விட்டுட்டு வரக்கூடாதுன்னு எங்க வீட்டுக்காரர் கண்டிப்பாச் சொல்லியிருக்கார்!"