ஒன்பதாவது பெயரும் ஏழு பக்க முறைப்பாடும்

தெளிவாக எழுதுவது எப்படி என்று உலகத்துக்கே காட்டிக்கொடுக்கப் பிறந்த சபை ஒன்று உண்டென்றால், செல்லங்களே, அது இத்தாலியின் பலெர்மோவில், போர்கோ வெக்கியோவில் கூடும் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கின் 'திரைப் பணிக் குழு'தான். பதினொரு பேர். நானும் ஒருத்தி.

பூசையில் பாட்டையும் பெயர்களையும் சுவரில் காட்ட எங்களிடம் ஒரு மென்பொருள் இருக்கிறது. எங்கெங்கோ இருக்கும் தொண்டர்கள் இலவசமாகச் செய்து தருவது. பிழை கண்டால் யாரும் எழுதலாம், திருத்தித் தருவார்கள். இம்முறை முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் ஒன்பது பிள்ளைகளின் பெயரையும் போட்டுப் பார்த்தோம். எட்டுத் தெரிந்தது. ஒன்பதாவது, செலஸ்ரீனாவின் மகள் மொனிகா. அவளைக் காணோம்.

குழு சும்மா இருக்குமா? மூன்று கூட்டம் போட்டு ஏழு பக்கம் எழுதினோம். இரண்டு பக்கம் வணக்கம், நாலு பக்கம் பங்கின் வரலாறு, கடைசியில் "ஆவன செய்க".

"பிழை என்னெண்டு ஒரு இடத்திலையும் இல்லையே, அண்ணை?" என்று கேட்டாள், குழுவில் இல்லாத செலஸ்ரீனா.

"அதைச் செய்தவை அவைதானே, பிள்ளை. அவைக்குத் தெரியாததை நாங்கள் சொல்லுறது மரியாதையே?" என்றார் தலைவர் அருளையா.

பதில் வந்தது: "பிழை தெரியும்படி திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள்."

கோட்டுப் போட்டோம். சேலை மாற்றினோம். தலைவரை நடுவில் இருத்தி, பதினொருவரும் திரைக்கு முன்னால் நெருங்கி நின்றோம். அருமையான படம். திரையைத்தான் காணவில்லை.

மறுபடியும் பதில்: "அழகான குடும்பம். பிழை எங்கே?"

ஞாயிறு நெருங்கியது. செயலாளர் வலன்ரைன் தீர்வு கண்டார். "எட்டுப் பிள்ளையள் எண்டால் மென்பொருளிலை பிழையே இல்லை. மொனிகாவை வாற வருசத்துக்கு விடுவம்."

"ஓம், நல்ல யோசனை!" தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நானும் கை உயர்த்தினேன்.

"மம்மா, அப்ப நான்தானோ பிழை?" என்று கேட்டாள் மொனிகா.

செலஸ்ரீனா எழுத உட்கார்ந்தாள். லிபெர்த்தா வீதியில் அவள் வேலை செய்யும் வீட்டில் உடுப்புத் தோய்க்கும் மெஷின் நின்றால், வீட்டுக்கார சிஞ்ஞோராவுக்கு ஒரு துண்டில் எழுதி வைத்துவிட்டு வருவாள். அதே மாதிரி, அதே இத்தாலியனில், தொண்டர்களுக்கும் எழுதினாள்: "ஒன்பது பெயர் போட்டேன். ஒன்பதும் தெரிய வேண்டும். எட்டுத்தான் தெரிகிறது. யாரை ஒன்பதாவதாகப் போட்டாலும் அவர் மறைகிறார்."

அடுத்த நாளே திருத்தம் வந்துவிட்டது. ஞாயிறு, சுவர் நிறைய மொனிகா! பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

பூசை முடிந்த கையோடு குழு அவசரமாகக் கூடியது. ஐந்தே நிமிடம். தொண்டர்களுக்குப் புதிய முறைப்பாடு பறந்தது: "பிள்ளைகளின் பெயர் முடிந்ததும் குழுவினர் பதினொருவரின் பெயரும் வந்திருக்க வேண்டும். ஒன்றுகூட வரவில்லை."

இரண்டே வரி. வணக்கம் இல்லை, வரலாறு இல்லை. என்ன தெளிவு! எங்களுக்கு எழுதத் தெரியாமல் இருந்ததில்லை, செல்லங்களே. அதுவரை காணாமல் போயிருந்தது செலஸ்ரீனாவின் பிள்ளை. அவ்வளவுதான்.