புத்தூர் மாடியறைப் புட்டிப் போர்

வாழ்க துறையூர் ஈன்ற தோன்றல்! வெங்காயக் காடுகளைக் கடந்து, பேருந்துப் படிக்கட்டையே பொற்றேராகக் கொண்டு திருச்சிராப்பள்ளிக் கல்லூரிக்குள் புகுந்தவனும், அரும்புமீசை அழகனும், மோரினும் கடிய பானம் எதையும் நாவால் அறியாதவனுமாகிய பூவரசன் வாழ்க!

அம்மாவீரனின் நெஞ்சைக் குடைந்தது ஒரே அச்சம். வகுப்பில் எல்லோரும் குடிக்கிறார்கள், தான் ஒருவனே பாக்கி. தெரிந்தால் பட்டிக்காட்டான் என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆகவே வகுப்புத் தோழன் ஜோஸ்வினின் பிறந்தநாள் நண்பகலில், புத்தூரில் அவன் வாடகைக்கிருந்த மாடியறையில், ஸ்ரீரங்கத்து ஹரிஹரசுதன் துண்டில் சுற்றிய பீர்ப்புட்டியை எடுத்து நடுவே நாட்டியபோது, நம் வீரன் மார்பு நிமிர்த்தி முழங்கினான்: "ஒண்ணுதானா? இது எனக்கு எந்த மூலைக்குடா?"

மூண்டது போர்! மூடியைத் திறக்க அவ்வறையில் ஓப்பனர் இல்லை. கரண்டிக்காம்பு வளைந்தது, கதவுத் தாழ்ப்பாள் கழன்றது, பல்லால் பாய்ந்த ஜோஸ்வின் தாடையைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினான், திருகித் திருகி ஹரிஹரசுதனின் உள்ளங்கை செம்பருத்தியாய்ச் சிவந்தது. ஈற்றில் பூவரசன், குலதெய்வத்திடம் மன்னிப்பும் வெற்றியும் ஒருசேர வேண்டி, மூடியை ஜன்னல் கம்பியில் மாட்டி ஓங்கி ஓர் அறை அறைய, மூடி பறந்தது, நுரை பொங்கியது, பிறந்தநாள் சட்டை நாறிப்போனது.

மூன்று டம்ளர்கள் நிறைந்தன. மூவரும் உதடு நனைத்தனர்; முகம் கோணாமலிருக்க மூவரும் அரும்பாடு பட்டனர்.

"செம!" என்றான் ஜோஸ்வின்.

"வேற லெவல்!" என்றான் பூவரசன்.

ஃபேன் சுற்றியது, நுரை அடங்கியது, டம்ளர்களில் அளவு மட்டும் குறையவே இல்லை.

ஆயுதத்தை முதலில் கீழே வைத்தவன் ஹரிஹரசுதன். "டேய், சத்தியமா நான் இதைத் தொட்டதே இல்லடா. நீங்க ரெண்டு பேரும் அடிப்பீங்கன்னுதான் வாங்கிட்டு வந்தேன்."

"நீங்க அடிப்பீங்கன்னுதானடா நான் ரூமே குடுத்தேன்!" என்று அலறினான் ஜோஸ்வின்.

பூவரசன் அடைந்த நிம்மதி சொல்லி மாளாது. மூன்று டம்ளரையும் அவனே தன் கையால் வாஷ்பேசினில் கவிழ்த்தான்.

அக்கணம் ஒலித்தது அவன் அலைபேசி. வகுப்புத் தோழன் தமிழ்மணி.

"மாப்ள, பார்ட்டி எப்படி? அடுத்த தடவை நானும் வரேன்டா. நம்ம கிளாஸ்லயே நான் மட்டும்தான் இன்னும் தொடாதவன் போல."

உண்மையை உரைக்க வாய் திறந்தான் வீரன். எதிரே இருவரும் வேண்டாமென்று தலையாட்டினர். அவனுக்கும் மானம் பெரிதாயிற்று. மலைக்கோட்டை உச்சிவரை கேட்கும்படி முழங்கினான்: "செம போதை மாப்ள! எழுந்திரிக்கவே முடியல!"

பிறகு மூவரும் எழுந்து கீழே போய் டீ குடித்தார்கள்.